வியாழக்கிழமைக் கைமாத்து: வசதிக்கும் உதவிக்கும் என்ன தொடர்பு?

திருப்பூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் எட்டுக் குடித்தனம். எதிரும் புதிருமாக நாலு நாலு கதவு, நடுவில் ஒரு சந்து, சந்தின் கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் அயர்ன் வேலை, அம்மாவுக்குச் செக்கிங். எனக்கு ஏழு வயசு இருக்கும்போது ஒரு ராத்திரி தம்பிக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. அம்மா கத்திய சத்தம் எட்டுக் கதவுக்கும் கேட்டது. மூன்றாம் வீட்டு அக்கா ஓடி வந்து தம்பியை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கடைசி வீட்டு அண்ணன் அதற்குள் டி.வி.எஸ். 50-ஐ உருட்டிக்கொண்டு சந்து முனைக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு அக்கா கடுகு டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து, "மொதல்ல கொழந்தையப் பாருங்கக்கா, அப்பறம் பேசிக்கலாம்" என்று அம்மா கையில் திணித்தார். அவர் வீட்டில் அந்த வாரத்துக்கு மிச்சம் இருந்ததே அந்த ஒரு நோட்டுதான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இருபது வருசம் கழித்து எங்கள் நிலைமை மாறியது. அன்றைக்கு டி.வி.எஸ்.-இல் போய் உயிர் பிழைத்த தம்பியே, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட் போட்டான். நாலு மிஷின் இருபதானது, ஊருக்கு வெளியே சைட் வாங்கினோம், காம்பவுண்ட் சுவர், கேட், கேமரா எல்லாம் வைத்து வீடு கட்டினோம். ஒருநாள் வெடியால அம்மா பால் வாங்கப் போனபோது தெருமுனை மின்கம்பத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. படத்தில் இருந்தவர் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்காரர். அவர் இறந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா அந்தப் போஸ்டர் முன்னாலேயே ரொம்ப நேரம் நின்றிருந்தார்.

இதே அம்மாதான் இப்போது வருசா வருசம் ஒரு பெண் பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுகிறார். லைன் வீட்டில் இருந்த காலமெல்லாம் அவர் கொடுத்த சர்க்கரை, காப்பித்தூள், கைமாத்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் அந்த ஃபீஸில் பாதிகூடத் தேறாது. அப்படியானால் அம்மா எப்போது அதிகம் உதவினார்? அன்றைக்கா, இன்றைக்கா?

எங்கள் வீட்டுக் கதை என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒருவருடைய வர்க்கத்துக்கும் அவருடைய உதவும் மனதுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியைச் சமூக உளவியலாளர்கள் கடந்த பதினைந்து ஆண்டுகளாக மும்முரமாக விவாதித்து வருகிறார்கள். "இல்லாதவனுக்குத்தான் இரக்கம் இருக்கும்" என்று ஒரு பக்கம் சொல்கிறோம். "இருக்கறவன் குடுத்தாத்தானே இல்லாதவனுக்கு ஆகும்" என்று இன்னொரு பக்கமும் சொல்கிறோம். ஆய்வாளர்களும் கிட்டத்தட்ட இந்த இரண்டு பக்கமாகத்தான் பிரிந்து நின்றார்கள். இந்த விஷயத்துக்குப் புதியவர்களுக்காக அதை முதலிலிருந்து சொல்கிறேன்.

வர்க்கம் என்றதும் பலருக்குச் சிவப்புக் கொடி ஞாபகம் வரும். இந்த ஆய்வுகளில் அந்தச் சொல்லுக்குப் பொருள் எளிமையானது. ஒருவரின் வருமானம், படிப்பு, பார்க்கும் வேலை, இந்த மூன்றும் சேர்ந்து அவரைச் சமூகத்தில் எந்த இடத்தில் நிறுத்துகின்றன என்பதுதான் வர்க்கம். மூன்றும் ஒரே திசையில் போகவேண்டும் என்பதில்லை. காங்கயம் பக்கம் இருபது ஏக்கர் மேட்டுக்காடு வைத்துக்கொண்டு கையில் ஆயிரம் ரூபாய் இல்லாத பண்ணாடிகளைப் பார்த்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு முந்நூறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்களும் இங்கே உண்டு. அதனால் ஆய்வாளர்கள் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். பத்துப் படி உள்ள ஓர் ஏணியின் படத்தைக் காட்டி, "மேல்படியில் வசதியும் படிப்பும் மதிப்பான வேலையும் உள்ளவர்கள், கீழ்படியில் எதுவும் இல்லாதவர்கள். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். பதில் பார்க்கிற பக்கத்தைப் பொறுத்து மாறும். எக்ஸ்போர்ட் கம்பெனி முதலாளி முன்னால் ஜாப் ஒர்க் சீட்டோடு நிற்கும்போது என் தம்பி மூன்றாம் படி. ஊர் நோம்பிக்குப் போய்க் கோயில் வாசலில் நிற்கும்போது அவனே எட்டாம் படி.

இந்த ஏணியை வைத்துத்தான் 2010-இல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பால் பிஃப் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் நடத்தியது. முதல் சோதனையில் 115 பேர். ஒவ்வொருவர் கையிலும் 10 புள்ளிகள். அதில் எவ்வளவு வேண்டுமானாலும் முகம் தெரியாத இன்னொருவருக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். புள்ளிக்குப் பின்னால் காசு உண்டு. ஏணியில் கீழே நிற்பதாகச் சொன்னவர்கள் மேலே நிற்பதாகச் சொன்னவர்களைவிட அதிகம் கொடுத்தார்கள்.

அதே ஆய்வின் இரண்டாம் சோதனைதான் எனக்கு இன்னும் பிடித்தது. அதில் சிலரை ஏணியின் உச்சியில் உள்ளவர்களோடும், சிலரை அடியில் உள்ளவர்களோடும் தங்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பெரும் பணக்காரரோடு ஒப்பிட்டால் யாருக்கும் தான் கீழே நிற்பது போலத்தான் தோன்றும். பிறகு, "ஒருவர் தன் வருமானத்தில் எவ்வளவு பங்கைத் தர்மத்துக்குக் கொடுக்கவேண்டும்?" என்று கேட்டார்கள். தான் கீழே நிற்பதாக உணர்ந்தவர்கள் அதிகப் பங்கைச் சொன்னார்கள். பையில் இருந்த காசு மாறவில்லை, மனதுக்குள் இருந்த படி மட்டும் மாறியது.

இது ஏன் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணம் லைன் வீட்டில் இருந்தவர்களுக்கு உடனே விளங்கும். கையில் காசு குறைவாக இருக்கிறவர் அடுத்தவரை நம்பித்தான் வாழவேண்டும். கேஸ் தீர்ந்தால் பக்கத்து வீட்டு அடுப்பு, ஓவர்டைம் வந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு ஆத்தா. அதனால் அடுத்தவர் முகத்தைக் கவனிக்கும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. படிப்புக் குறைந்தவர்கள், கல்லூரி முடித்தவர்களைவிட மற்றவர் முகத்தில் உள்ள உணர்ச்சியைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள் என்று அதே 2010-இல் மைக்கேல் க்ராஸ் குழுவின் ஆய்வு ஒன்றும் வந்தது. எங்கள் எதிர்வீட்டு அக்கா அம்மா முகத்தைப் பார்த்தே, "ஏனுங்கக்கா, இன்னும் சம்பளம் வரலீங்களா?" என்று கேட்பார். எந்தக் கல்லூரியிலும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை.

இங்கேயே நிறுத்திவிட்டு, "ஏழைக்குத்தான் இரக்கம், அறிவியலே சொல்லிவிட்டது" என்று எழுதிவிடலாம். பலர் எழுதவும் செய்தார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

2015-இல் ஜெர்மனியிலிருந்து மார்ட்டின் கோர்ன்டோர்ஃபரும் அவர் கூட்டாளிகளும் வேறு வழியில் பார்த்தார்கள். நூற்றுப் பதினைந்து பேரை விட்டுவிட்டு, ஆயிரக்கணக்கானவர்களிடம் எடுக்கப்பட்ட பெரிய கணக்கெடுப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனி, அமெரிக்கா, இன்னும் பல நாடுகள். அவற்றில் படம் தலைகீழாக இருந்தது. வசதியானவர்களே நன்கொடை அதிகம் கொடுத்தார்கள். தொகையில் மட்டும் இல்லை, வருமானத்தில் எத்தனை பங்கு என்று பார்த்தாலும் அவர்கள்தான் கூடுதல். தன்னார்வ வேலைக்கு நேரம் ஒதுக்குவதிலும் அவர்கள் பின்தங்கவில்லை. 2020-இல் வேறு ஆய்வாளர்கள் பால் பிஃபின் புள்ளிச் சோதனையை, எதை எப்படி அளப்போம் என்று முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு மறுபடி நடத்திப் பார்த்தபோது அவருக்குக் கிடைத்த முடிவு கிடைக்கவில்லை.

முதல் ஆய்வு பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. சின்னக் கூட்டத்தில் தெரிகிற ஒரு விஷயம் பெரிய கூட்டத்தில் கரைந்துபோவது அறிவியலில் அடிக்கடி நடக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எதை உதவி என்று எண்ணுகிறோம்?

கணக்கெடுப்பில் கேட்கிற கேள்வி எப்படி இருக்கும்? "கடந்த ஓர் ஆண்டில் தொண்டு நிறுவனம் எதற்காவது நன்கொடை கொடுத்தீர்களா? எவ்வளவு?" அம்மா இன்றைக்குக் கட்டுகிற காலேஜ் ஃபீஸுக்கு ரசீது இருக்கிறது. கடுகு டப்பாவிலிருந்து வந்த நூறு ரூபாய்க்கு எந்த ரசீதும் இல்லை. எழவு வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டிப் போட்டது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூடப் படுத்திருந்தது, மகளிர் குழுக் கடனில் ஒருத்தி தவணை கட்ட முடியாதபோது மற்ற ஒன்பது பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டியது, இதெல்லாம் எந்தப் படிவத்திலும் ஏறாது. செய்கிறவர்களே இதை உதவி என்று சொல்வதில்லை. "ஒத்தாசைக்குப் போனேன்" என்பார்கள். கொங்குப் பக்கம் ஒத்தாசை என்ற சொல்லுக்குள் காசு கிடையாது, கூடப் போய் நிற்பதுதான் இருக்கிறது. வசதியானவர் செய்வது எழுத்தில் நிற்கும், வசதியில்லாதவர் செய்வது எழுதாமல் போகும் என்றால், எழுதி வைத்ததை மட்டும் கூட்டுகிற ஆய்வு யார் பக்கம் சாயும் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர் எதிரான மயக்கமும் உண்டு. லைன் வீட்டு ஒத்தாசையை நினைத்து நாம் உருகும்போது அதற்குள் இருந்த கட்டாயத்தை மறந்துவிடுகிறோம். அந்த ஒன்பது பேரும் மனமுவந்து மட்டும் போட்டார்களா? கட்டாவிட்டால் அடுத்த கடன் அவர்களுக்கே கிடைக்காது. அடுத்தவர் கைமாத்துக் கேட்டபோது இல்லையென்று சொன்னவர், நாளைக்குத் தனக்கு வேண்டும்போது யாரிடம் போவார்? ஏழைகளுக்குள் நடக்கிற உதவியில் பாதி அன்பு, பாதி இன்சூரன்ஸ். பிரீமியம் கட்டுகிற மாதிரிதான் சர்க்கரை போகும், காப்பித்தூள் வரும். பழந்தமிழில் இதற்கென்றே குறியெதிர்ப்பை என்ற ஒரு சொல் இருந்தது. அளந்து வாங்கி, அதே அளவு அளந்து திருப்பித் தருவது என்று பொருள். நம் கல்யாண மொய் நோட்டைப் புரட்டுகிறவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கவேண்டியதில்லை. ஆனால் இன்சூரன்ஸ் என்பதால் அந்த நூறு ரூபாயின் மதிப்பு என் கண்ணில் குறைந்துவிடவில்லை. பிரீமியம் கட்டுகிறவர் தன்னிடம் இருந்த கடைசி நோட்டை எடுத்துக் கொடுக்கமாட்டார்.

2021-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றை நான் பார்த்த மிக அழகான சோதனை என்பேன். ஜேம்ஸ் ஆன்ட்ரியோனி என்ற பொருளாதார அறிஞரும் இன்னும் இருவரும் செய்தது. தபால்காரர் வீடு மாற்றிப் போட்டுவிட்ட மாதிரி, வேறொருவர் பெயருக்கான கடித உறைகளைப் பணக்கார வீடுகளிலும் ஏழை வீடுகளிலும் போட்டார்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும். சிலவற்றில் 5 யூரோ அல்லது 20 யூரோ நோட்டு, சிலவற்றில் மற்றவர் எடுத்துப் பயன்படுத்த முடியாத வங்கிச் சீட்டு. சோதனை நடப்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. கடிதத்தை உரியவருக்குத் திருப்பி அனுப்புகிறார்களா என்று காத்திருந்தார்கள். பணக்கார வீடுகளிலிருந்து வெகுவாக அதிக உறைகள் திரும்பி வந்தன.

அப்படியானால் ஏழைக்கு நேர்மை குறைவா? அவர்கள் கணக்கை இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார்கள். 20 யூரோ ஏழை வீட்டில் எவ்வளவு பெரிய தொகை என்பதையும், வறுமை கொடுக்கிற அன்றாட நெருக்கடியையும் கணக்கில் சேர்த்தபோது, அடுத்தவர் மீதான அக்கறையில் இரண்டு தரப்புக்கும் இடையே வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. உள்ளே இருப்பது தனக்குப் பயன்படாத சீட்டு என்றாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்ப ஒரு நிமிசம் வேண்டும், நினைவில் வைக்கவேண்டும், தபால்பெட்டி வரை நடக்கவேண்டும். அடுத்த வாடகைக்கு என்ன செய்வது என்று ஓடிக்கொண்டிருக்கிற தலைக்கு அந்த ஒரு நிமிசமும் பாரம்தான்.

இதைப் படித்தபோது எனக்கு வியாழக்கிழமைகள் ஞாபகம் வந்தன. பனியன் கம்பெனியில் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். சனி ராத்திரி எங்கள் லைனில் எட்டு வீட்டிலும் விளக்குப் பளிச்சென்று எரிவதாகத் தோன்றும். ஞாயிறு கறி. திங்கள், செவ்வாய் சுமாராக ஓடும். புதன் பொழுதோட குரல்கள் தணியும். வியாழக்கிழமை சந்தில் யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்க்கமாட்டார்கள், பார்த்தால் கேட்டுவிடுவார்களோ என்ற பயம். சனிக்கிழமை கேட்காமலே கிடைக்கிற கைமாத்து வியாழக்கிழமை கேட்டாலும் கிடைக்காது. தம்பிக்கு வலிப்பு வந்த ராத்திரி வியாழக்கிழமை. அதனால்தான் அந்த நூறு ரூபாயை எங்கள் வீட்டில் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஒரே மனிதர், ஒரே மனசு, கிழமை மட்டும் வேறு. இதைத் தமிழ்நாட்டு வயல்காட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர்கள் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் ஆகியோரோடு வேறு இருவரும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. 2013-இல் வெளிவந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேர். கரும்புக்காரருக்குப் பணம் வருவது வருசத்தில் ஒரு தடவை, வெட்டு முடிந்த பிறகு. வெட்டுக்கு முன்னால் நகை அடகுக் கடையில், கை வறண்டு கிடக்கும். வெட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மூச்சு விடலாம். அதே விவசாயிகளுக்கு வெட்டுக்கு முன்னும் பின்னும் சில புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெட்டுக்கு முன்னால் அவர்கள் மோசமாகச் செய்தார்கள், பின்னால் நன்றாகச் செய்தார்கள். பண நெருக்கடி தலைக்குள் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்று அந்த ஆய்வு சொன்னது. அது உதவியைப் பற்றிய ஆய்வு இல்லை. ஆனாலும் அடுத்தவர் கஷ்டத்தை நினைப்பதற்கும் தலைக்குள் கொஞ்சம் இடம் காலியாக இருக்கவேண்டும் என்பது என் துணிபு. "இந்த சனத்துக்கு ஒரு பொறுப்பே இல்லைங்க, ஒரு ஆபத்துன்னா எட்டிப் பாக்கறதில்லை" என்று யாராவது கூலிக்காரர்களைச் சொல்லும்போது, அன்றைக்கு என்ன கிழமை என்று கேட்கத் தோன்றுகிறது.

காசு நெருக்கடி போலவே நேர நெருக்கடியும் உண்டு. 1973-இல் அமெரிக்காவில் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இறையியல் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சாய்ந்து கிடப்பார். அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள், மிகுந்த அவசரத்தில் அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். பாதிரியாராகப் போகிறவர்களுக்கே இந்தக் கதி. வெடியால எட்டரை மணி ஷிப்டுக்குள் நுழையவேண்டியவருக்கு, பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு, நிற்கிற ஒவ்வொரு நிமிசமும் சம்பளத்தில் போகும். காரில் போகிறவர் தன் நேரத்துக்குத் தானே எசமான், ஆனாலும் நிற்பதில்லை என்றால் அதற்கு வேறு காரணம் இருக்கவேண்டும்.

அந்த வேறு காரணம் தூரம் என்று நினைக்கிறேன். பால் பிஃபின் 2010 ஆய்வில் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது. கடைசிச் சோதனையில், வறுமையில் வாடும் குழந்தைகளைப் பற்றிய ஒரு சிறு வீடியோவைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு பதற்றத்தில் இருக்கும் ஒருவருக்கு உதவ வாய்ப்புக் கொடுத்தார்கள். வீடியோ பார்க்காதவர்களில் வசதியானவர்கள் குறைவாகவே உதவினார்கள். பார்த்தவர்களிலோ, வசதியானவர்களும் வசதி குறைந்தவர்களுக்குச் சமமாக உதவினார்கள். இரக்கம் உள்ளே இருந்திருக்கிறது, கஷ்டம்தான் கண்ணுக்கு எட்டாமல் இருந்தது.

எங்கள் காம்பவுண்ட் சுவர் ஏழு அடி. அதைக் கட்டும்போது யாரையும் ஒதுக்கவேண்டும் என்று நாங்கள் நினைக்கவில்லை. திருட்டுப் பயம், நாய்த் தொல்லை, எல்லோரும் கட்டுகிறார்கள். ஆனால் சுவர் எழும்பியதும் சத்தம் நின்றுவிட்டது. லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக் குழந்தை இருமினால் எத்தனை தடவை இருமியது என்று சொல்லலாம். இங்கே மூன்றாம் வீட்டில் ஒரு சாவு நடந்து நமக்குப் போஸ்டர் பார்த்துத்தான் தெரிகிறது. வசதி வந்தால் முதலில் வாங்குவது அடுத்தவரை நம்பாமல் வாழ்கிற வசதியைத்தான். சொந்தமாகப் போர்வெல், சொந்தமாக வண்டி, ஆபத்துக்கு மெடிக்ளெய்ம். இவை எல்லாமே வேண்டியவைதான், அம்மா இருபது வருசம் உழைத்துச் சம்பாதித்தவைதான். ஆனால் நமக்கு யார் உதவியும் தேவைப்படாத இடத்தில், நம் உதவி யாருக்குத் தேவை என்பதும் தெரியாமல் போகிறது.

தூரத்தைத் தாண்டிக் கொடுத்தவர்களும் இதே மண்ணில் இருந்திருக்கிறார்கள். பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நாலு பேரும் 1926-இல் குடும்பச் சொத்தை நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாம் பங்கு தர்மத்துக்கு. அதுதான் பி.எஸ்.ஜி. அறக்கட்டளை, கல்லூரியும் ஆஸ்பத்திரியுமாக வளர்ந்து நூறு வருசத்தைத் தொட்டு நிற்கிறது. தர்மத்தை ஐந்தாவது அண்ணன் தம்பி மாதிரி பாகத்தில் உட்கார வைத்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது. சிங்காநல்லூரில் சாந்தி கியர்ஸ் சுப்பிரமணியம் 1996-இல் தொடங்கிய சாந்தி சோசியல் சர்வீஸில் சாப்பாடும் மருந்தும் பரிசோதனையும் எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன என்பது கோயம்புத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். 2020 டிசம்பரில் இறக்கும்வரை அவர் அதற்கு விளம்பரம் தேடியவரில்லை. ஒரு தலைமுறையில் எத்தனை லைன் வீடு சேர்ந்தாலும் ஓர் ஆஸ்பத்திரி கட்டிவிட முடியாது. அதற்குச் சேர்ந்த பணம் வேண்டும்.

இன்னொரு கோடியில் வடிவேலம்பாளையம் கமலாத்தாள் பாட்டி இருக்கிறார். ஆலாந்துறைப் பக்கம் 30 வருசத்துக்கு மேலாக இட்லி சுட்டு விற்றுவந்தவர். ஓர் இட்லியை 1 ரூபாய்க்குக் கொடுத்தவர். 2019-இல் செய்தி பரவி நாடே பேசியபோதும் விலை ஏறவில்லை, 2020 ஊரடங்கில் அரிசி பருப்பு விலை ஏறியபோதும் ஏறவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிடவேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். தொழிலதிபர் ஆனந்த் மகிந்திரா அவருக்கு ஒரு வீடு கட்டிக்கொடுத்தார், 2022-இல். இந்த இரண்டு உதவியையும் ஒரே தராசில் வைத்து எது கனம் என்று பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பாட்டியால் வீடு கட்டிக்கொடுத்திருக்க முடியாது. மகிந்திராவுக்கு அந்தக் கூலிக்காரர்களின் வயிறு தெரிந்திருக்க முடியாது.

வர்க்கத்தைப் பற்றி மட்டும் பேசிச் சாதியை விட்டுவிட்டால் கொங்குநாட்டைப் பற்றி எழுதியதாக ஆகாது. லைன் வீடு வாடகைக்குக் கேட்கப் போனால் வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "ஏனுங்க, நீங்க எந்தூருங்க? என்ன ஆளுங்க?" என்பதுதான். எங்கள் எட்டுக் குடித்தனத்தின் ஒற்றுமை அந்தக் கேள்வியால் முன்கூட்டியே சலித்து எடுக்கப்பட்டது. சலிப்பில் கீழே விழுந்த குடும்பங்கள் எங்கே போயின என்று அந்த வயசில் நான் யோசித்ததில்லை. காங்கயம் பக்கத்து எங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், கொடுப்பதில் குறையே வைக்காதவர். தோட்டத்தில் வேலைக்கு வருகிறவர்களுக்கு மதியம் வட்டல் நிறையச் சோறு போகும், நோம்பிக்குத் துணி போகும், பிரசவத்துக்கு நெல் போகும். ஆனால் எல்லாம் புறவாசல் வழியாகத்தான் போகும். அவர்களுக்கென்று ஒரு டம்ளர் மாட்டுச் சாளையின் எரவானத்தில் செருகி இருக்கும். அமுச்சியின் இரக்கம் உண்மை, அந்த டம்ளரும் உண்மை. யாருக்கு, எந்த வாசலில், எந்தக் கையால் என்று கேட்காத எந்த ஆய்வும் எங்கள் அமுச்சிக்கு உதவும் மனதில் பத்துக்குப் பத்து போட்டிருக்கும். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் செய்த ஏணிச் சோதனையை இங்கே அப்படியே கொண்டுவந்து வைக்க எனக்குத் தயக்கம் இருப்பது இதனால்தான். நம் ஏணியில் பத்துப் படி மட்டும் இல்லை. சில படிகளில் சிலரை ஏறவே விட்டதில்லை.

ஆகவே "பணக்காரர்கள் சுயநலக்காரர்கள், ஆய்வில் தகவல்" என்றோ, "ஏழைகளைவிடப் பணக்காரர்களே நேர்மையானவர்கள்" என்றோ செய்தி கண்ணில் பட்டால் நான் உடனே பார்ப்பது மூன்று விஷயம். அளந்தது ரூபாயையா, வருமானத்தில் பங்கையா, உடம்பு உழைப்பையா? உதவி பெற்றவர் தெரிந்தவரா, தெரியாதவரா? கொடுத்த அன்றைக்கு அவர் கையில் என்ன மிச்சம் இருந்தது? பெரும்பாலும் செய்தியின் பாதி இதிலேயே கரைந்துவிடும்.

அம்மாவிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன், எப்பம்மா நீ அதிகமா உதவி பண்ணினே என்று. அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "உதவியென்ன கண்ணு உதவி, அப்ப அவங்க இருந்தாங்க, நாம இருந்தோம்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அந்த போஸ்டரை மட்டும் நான் பாத்திருக்கக் கூடாது" என்றார்.

போன சித்திரையில், காம்பவுண்ட் சுவருக்கு வெளிப்பக்கம் ஒரு குழாய் வைக்கச் சொன்னார். எங்களுக்குப் பின்தெருவில் தகரக் கூரை போட்ட லைன் வீடுகள் புதிதாக வந்திருக்கின்றன, அங்கே தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான். தம்பி முதலில் கூட்டம் சேரும், சண்டை வரும் என்றான். சண்டையும் வந்தது, இரண்டு தடவை. அம்மா சாயங்காலமானால் ஒரு பிளாஸ்டிக் சேரைக் கேட்டுக்கு வெளியே போட்டு உட்கார ஆரம்பித்தார். எந்தக் குடத்துக்கு யார் சொந்தம், யார் வீட்டுக்காரர் குடிக்கிறார், யார் பிள்ளை பத்தாவது பரீட்சை எழுதுகிறது என்றெல்லாம் இப்போது அவருக்குத் தெரியும். குழாய் வைத்த மூன்றாம் வாரம், செக்கிங் வேலைக்குப் போகிற ஒரு பெண் குடத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போகாமல் நின்றுகொண்டிருந்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் சாமி, எவ்வளவு வேணும்?" என்று கேட்டார். முந்நூறு ரூபாய். அன்றைக்கு வியாழக்கிழமை.

சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு அவர் வந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.